மைக் டெஸ்டிங்கில் சொன்னது

சட்டையை விடுங்க அண்ணாச்சி. விட்டுட்டுப் பேசுங்க. ஒரு பொத்தான் ஏற்கெனவே போயாச்சு. நான் ஓடிப்போற ஆள் இல்ல. ஓடணும்னா உங்க வண்டிச் சத்தம் கேட்டதுமே பின்வாசல் வழியா போயிருப்பேன்.

உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமா நகர்த்திப் போட்டுக்கோங்க. நீங்க பால்துரை அண்ணாச்சி. மெயின் ரோட்டுல மோட்டாருக்கு காயில் கட்டுற கடை. ஏழாங்கிளாஸ் செண்பகாவோட அப்பா. நான் செந்தட்டி. கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ, செத்தவங்க போட்டோவுக்குப் பின்னாடி ஒளிவட்டம் போடறது, இந்த ஸ்டுடியோவுல எல்லாம் நான்தான். ஸ்கூல் கவிதை விழாவுல உங்க மகள் வீடியோவைப் போட்டதும் நான்தான். முதலாளி போடச் சொல்லல. ஸ்கூல் சொல்லல. உங்க மகளும் சொல்லல. அதனால இங்கருந்து போய் வேற யார் சட்டையையும் பிடிக்காதீங்க.

அடிக்கறதா இருந்தா அடிங்க. ஆனா விவரம் தெரிஞ்சு அடிங்க. இந்த ஊர்ல எல்லாரும் விவரம் தெரியாமதான் எல்லாத்தையும் செய்றாங்க. கை தட்டறது உட்பட.

எனக்குக் கவிதை பிடிக்காது. அதை முதல்லயே சொல்லிடறேன். பிறகு, ‘அந்தப் பய கவிதைக் கோட்டி பிடிச்சவன், அதான் இப்படிப் பண்ணிட்டான்’னு நீங்க கடையில உட்கார்ந்து சொல்லக் கூடாது. பதினொண்ணாங்கிளாஸ்ல பாதியிலயே ஸ்கூலை விட்டவன் நான். அதே ஸ்கூல்தான். தமிழுக்கு அதே கோகிலவாணி மிஸ்தான். ஒரு செய்யுளை மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. ‘இதுக்கு என்ன அர்த்தம் மிஸ்?’னு கேட்டேன். ‘அடி மாறாம எழுதினா முழு மார்க், அர்த்தம் ஒனக்கெதுக்கு’ன்னாங்க. அதோட எனக்கும் கவிதைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

இந்த வருஷம் என்ன ஆச்சு, மிஸ் எங்கயோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிட்டு வந்தாங்க. வந்ததும் கவிதை விழா நடத்தணும்னு பிடிச்சுக்கிட்டாங்க. பிள்ளைகளே கவிதை எழுதணும், பிள்ளைகளே வீடியோ எடுக்கணும், பிள்ளைகளே வாசிக்கணும். பேனர்லயும் அப்படித்தான் போட்டிருந்துச்சு, ‘மாணவரே படைத்த கவிதைக் காணொளிகள்’னு. அந்தப் பேனரையும் நான்தான் செஞ்சேன், அதனால எனக்குத் தெரியும்.

படைச்சது யாரு? கவிதை எழுதினது மிஸ். கேமரா பிடிச்சது நான். மூஞ்சிக்கு பவுடர் அப்பினது அம்மாக்காரிகள். பிள்ளைகள் சொந்தமாச் செஞ்ச ஒரே சோலி வேர்த்ததுதான்.

கவிதையும் எல்லாம் ஒரே மாவு. நிலா வரும். அம்மா வருவா. மரத்தை வெட்டாதேன்னு வரும். தமிழ் வாழ்கன்னு முடியும். நிலான்னு சொன்னா கை மேல போகணும். அம்மான்னா நெஞ்சுல கை. மரம்னா ரெண்டு கையும் மேல. தூரத்துல இருந்து பாத்தா டிராபிக் போலீசுக்குப் பயிற்சி குடுக்கற மாதிரி இருந்துச்சு. ஒரு பொடியன் நிலாவுக்கும் மரத்துக்கும் கையை மாத்திட்டான். அதுக்கு அழ வச்சுட்டாங்க. அழுத மூஞ்சிக்கு மறுபடி பவுடர்.

இப்ப மைக் விஷயத்துக்கு வாரேன். இதைக் கவனிங்க, நீங்களும் தொழில்காரர்தான், புரியும். எங்ககிட்ட சட்டையில குத்துற சின்ன மைக் ஒண்ணே ஒண்ணுதான் உண்டு. பேசற ஆள் கழுத்துக்குக் கீழ குத்தணும். பேசறது பிள்ளை. அப்ப யார் சட்டையில குத்தணும்? நானும் முதல் பையன் சட்டையில குத்தத்தான் போனேன். முதலாளி என் கையைப் பிடிச்சுட்டாரு. ‘என்னலே, மிஸ் நிக்காங்க, அவங்களுக்கு வைக்காம பொடிப்பயலுக்குக் கொண்டு வைக்க? மரியாதை கிரியாதை கெடையாதா?’ மிஸ்ஸும் சேலைத் தலைப்பைச் சரி பண்ணிட்டு வந்து நின்னாங்க, மாலை வாங்க நிக்கற மாதிரி. குத்தினேன். எனக்கென்ன வந்துச்சு? மரியாதைன்னு ஒருத்தர் ஆரம்பிச்சுட்டா அதுக்கு மேல இந்த ஊர்ல எதுவும் காதுல ஏறாது.

கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டா பிள்ளைகள் குரல் எல்லாம் கிணத்துக்குள்ள இருந்து வருது. மிஸ் மட்டும் நம்ம காதுக்குள்ள உட்கார்ந்து பேசறாங்க. ‘சிரி. பல்லுத் தெரியச் சிரி. கையத் தூக்கு. நிலாவேக்கு அடுத்து என்ன, தேனே, தேனே சொல்லு. மூக்க நோண்டாத.’ எந்தக் கவிதையை எடுத்தாலும் இதுதான் ஓடுது. ஒரு பையனோடதுல, ‘ஏன்டா, ஒங்க வீட்டுல ஒனக்குச் சோறு போடலியா, சத்தமாச் சொல்லித் தொலை’ன்னு ஒரு வரி. உண்மையைச் சொன்னா அந்தக் கவிதையில அது ஒண்ணுதான் உருப்படி.

மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்களுக்கு வெக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல.

‘திருப்பி எடுக்க நேரமில்ல. என் மகள் வர்ஷாவைக் கூட்டிட்டு வாரேன். பாட்டு கிளாஸ் போறவ. எல்லாக் கவிதையும் அவ குரல்ல பதிஞ்சு பிள்ளைகள் வாய்க்குப் பொருத்திரு.’

‘எல்லாப் பிள்ளைக்குமா மிஸ்?’

‘எல்லாருக்கும்தான். கேக்கறவங்களுக்குக் கவிதை நல்லாக் கேக்கணும். அதான முக்கியம்.’

‘பையன்களுக்கு?’

‘கொஞ்சம் கட்டையாக்க முடியாதாக்கும் ஒன் கம்ப்யூட்டர்ல?’

முடியும். ஆக்கினேன். எட்டாங்கிளாஸ் பயல்கள் எல்லாம் ஜலதோஷம் பிடிச்ச வர்ஷா மாதிரி பேசினானுக. சிரிக்காதீங்க அண்ணாச்சி. சரி, நீங்க சிரிக்கல. சிரிச்சிருந்தாலும் தப்பில்ல.

இப்ப உங்க மகள். படம் பிடிச்ச அன்னைக்கு நடுவுல மிஸ் டீ குடிக்கப் போனாங்க. மைக்கைக் கழட்டி அவங்க நாற்காலிக் கையில மாட்டிட்டுப் போனாங்க. வயர்ல கரகரன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. வயரை மாத்திட்டு லெவல் பாக்கணும். லெவல்னா ஒண்ணுமில்ல, யாராவது பேசணும், சத்தம் சரியா ஏறுதான்னு நாங்க ஹெட்போன்ல கேக்கணும். அடுத்த முறை உங்க மகளோடது, அதனால அது அங்க நின்னுச்சு. ‘ஏ பிள்ள, அந்த நாற்காலியில உட்கார்ந்து மைக்கைச் சட்டையில குத்திக்கிட்டு எதாவது பேசு’ன்னேன்.

எல்லாரும் என்ன சொல்வாங்க? ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. நாய் கூடப் பழக்கினா சொல்லும். இது, ‘என்ன பேசண்ணே?’ன்னு கேட்டுச்சு.

‘என்ன எளவையாவது பேசு. ரேஷன் கடை போர்டுல உள்ளதைக் கூடப் படி.’

‘நான் எழுதினதைச் சொல்லவா?’

‘சொல்லு, சொல்லு. மிஸ் வாரதுக்குள்ள சொல்லு.’

கேமரா ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. கையைத் தூக்கல, சிரிக்கல, மேல பாக்கல. மடியில கையை வச்சுட்டு, பக்கத்து வீட்டுல போய் ஒரு விஷயம் சொல்லிட்டு வாரவங்க மாதிரி சொல்லுச்சு.

நீங்க இன்னும் அதைக் கேக்கல, என்ன? முகத்தைப் பாத்தாலே தெரியுது. கடைக்கு வந்தவன் சொன்னதை வச்சுத்தான் வந்திருக்கீங்க. நான் சொல்றேன். மனப்பாடமெல்லாம் பண்ணல. வேலை செய்யும்போது பத்துத் தரம் கேட்டா யாருக்கும் பதிஞ்சிரும்.

எங்க வீட்டு மோட்டார்
தண்ணி இல்லாட்டாலும் ஓடும்.
நிப்பாட்டட்டுமான்னு அம்மாகிட்ட கேட்டேன்.
ஓடட்டும்,
இந்த வீட்டுல அதாவது பேசட்டும்னா.

அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. நானும் இன்னும் வரும்னு ஹெட்போனைக் காதுல அழுத்திக்கிட்டு நின்னேன். வரல. இதுல நிலா உண்டா? மரம் உண்டா? கை காட்ட ஒரு இடம் உண்டா? இதுக்குப் பேரு கவிதையான்னு எனக்குத் தெரியாது. ‘லெவல் சரியா இருக்கு, எந்திரி’ன்னு சொன்னேன். அதுக்குள்ள மிஸ் வந்து மைக்கை வாங்கிக் குத்திக்கிட்டாங்க. உங்க மகள் எந்திரிச்சு நின்னு, மழையே மழையேன்னு கையை ஆட்டுச்சு. சொன்னபடி பல்லையும் காட்டுச்சு.

எடிட்டிங் பண்ணும்போது ஒவ்வொரு வாய்க்கும் வர்ஷாவை ஒட்டிக்கிட்டே வந்தேன். வீட்டுக்குப் போய் சோறு தின்னா, எங்கம்மா பேசறதும் வர்ஷா மாதிரியே கேக்குது. அப்பதான் உங்க மகளோட மழையே வந்துச்சு. பக்கத்துலயே லெவல் பாத்த ஃபைலும் கெடந்துச்சு. போட்டுக் கேட்டேன். அந்த மொத்தக் கூத்துல ஒரு பிள்ளை சொந்த வாயால பேசி ஒழுங்காப் பதிஞ்சது அது ஒண்ணுதான். சுத்தமான சத்தம். இரைச்சல் கெடையாது. மூச்சு எடுக்கறது வரைக்கும் கேக்குது. நல்ல சரக்கைக் கையில வச்சுக்கிட்டு எவனாவது போலிச் சரக்கைப் போடுவானா? நீங்க போடுவீங்களா? அதுக்காகத்தான் போட்டேன். கவிதைக்காக இல்ல. திரும்பச் சொல்றேன், கவிதைக்காக இல்ல.

மத்த பிள்ளைகளுக்கு எல்லாம் பின்னாடி அருவி, புல்லாங்குழல். உங்க மகளுக்கும் வச்சுப் பாத்தேன். சகிக்கல. எடுத்துட்டேன். வேற மாதிரி ஒண்ணு வச்சேன், அதையும் எடுத்துட்டேன். அன்னைக்கு மூணு கல்யாண ஆல்பம் நிக்குது, முதலாளி கத்தறாரு, நான் இந்த அஞ்சு வரிக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சும்மா விடலாம், பின்னாடி எவ்வளவு நேரம் விடலாம்னு பாத்துக்கிட்டு கெடக்கேன். வேலையில ஒரு சுத்தம் வேணும் பாருங்க, அதுக்காக.

விழா அன்னைக்கு நீங்க வரல. வந்திருக்கணும். ஜனங்களைப் பாத்திருக்கணும். நான் புரொஜக்டர் பக்கத்துல நின்னேன். முதல் பிள்ளை வருது, வர்ஷா குரல். ரெண்டாவது பிள்ளை, வர்ஷா குரல். மூணாவது ஒரு பையன், சளி பிடிச்ச வர்ஷா. ஒருத்தருக்காவது உறைக்கணுமே. ம்ஹூம். அவங்கவங்க பிள்ளை திரையில வந்தா போனைத் தூக்கறாங்க, முடிஞ்சா கீழ போடறாங்க. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘எம்புள்ளைக்கு என்ன குரலுடீ’ன்னு பக்கத்துல உள்ளவகிட்ட சொல்றா. பெத்த பிள்ளையோட குரல் அவளுக்குத் தெரியல. தினம் காலையில அந்த வாய்தான அவகிட்ட தோசை கேக்குது? சிறப்பு விருந்தினர்னு ஒருத்தர், ரிட்டையர்டு அதிகாரி. நடுவுல எந்திரிச்சு மைக்கைப் பிடிச்சு, ‘குழந்தைகளோட சொந்தக் குரலைக் கேக்க மனசு நிறைஞ்சிருக்கு’ன்னாரு. கை தட்டல் அடங்க நேரமாச்சு.

அடுத்து உங்க மகள்.

நாற்காலியில உட்கார்ந்திருக்கு. பின்னாடி வெறும் துணி. மிஸ்ஸோட டீ டம்ளர் ஒரு ஓரமாத் தெரியுது. சொல்லுச்சு. முதல் ரெண்டு வரிக்கு ஆம்பளைங்க பக்கம் ஒருத்தன் சிரிச்சான். கடைசி வரி வந்ததும், பொம்பளைங்க பக்கம் கொஞ்சப் பேரு குனிஞ்சு சேலையைப் பாத்தாங்க. மிஸ் என்கிட்ட ஓடி வந்து, ‘நிறுத்துடா, இது இல்லடா’ன்னாங்க. ‘சிஸ்டம் நின்னு போச்சு மிஸ்’னேன். ஓடிக்கிட்டு இருக்கற சிஸ்டத்தைப் பாத்துக்கிட்டே அதை நம்பினாங்க.

உங்க வீட்டுக்காரம்மா நாலாவது வரிசையில தனியா உட்கார்ந்திருந்தாங்க. இது உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க சிரிச்சாங்க அண்ணாச்சி. வாயைப் பொத்தாம, நல்லாச் சத்தமா. பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அதுக்கும் அவங்க நிப்பாட்டல. கோட்டி பிடிச்சிருச்சோன்னு நான் கூட நினைச்சேன்.

இப்ப நீங்க எதுக்குக் கோவமா வந்திருக்கீங்க? ‘மோட்டார் கடைக்காரன் வீட்டு மோட்டார்லயே தண்ணி ஏறலையாம், நம்ம மோட்டாரை எப்படி நம்பிக் குடுக்க’ன்னு எவனோ கேட்டுட்டான். அதுதான உங்களுக்குச் சுடுது? சட்டையைப் பிடிச்சதுல இருந்து தொழில், மானம், பேரு, இதையே சொல்றீங்க. கோடையில இந்த ஊர்ல எவன் வீட்டு போர்ல தண்ணி இருக்கு? மோட்டார் என்ன செய்யும்? உங்க மகள் உங்க தொழிலைச் சொல்லல. கடைசி வரின்னு ஒண்ணு இருக்கே, அதைப் பத்தி இவ்வளவு நேரத்துல ஒரு வார்த்தை நீங்க கேக்கல. கடையில நீங்க பேசறது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். எங்க முதலாளி சொல்வாரு, பால்துரை கடையில அஞ்சு நிமிஷம் நின்னா ஊர்ச் சங்கதி முழுக்க வாங்கிட்டு வரலாம்னு. அவ்வளவும் பேசிட்டு வீட்டுக்குக் கொண்டு போக ஒண்ணும் மிச்சம் வைக்கறதில்ல போல.

முறைக்காதீங்க. எங்க வீட்டுல இதுக்கு நேர் எதிர். காலையில ஆரம்பிச்சா நிக்காது. எங்கப்பா ஒண்ணு சொன்னா எங்கம்மா ஒம்பது. அது தாங்காமத்தான் நான் இங்கயே கெடக்கேன். ரெண்டுல எது மோசம்னு நான் யோசிச்சுப் பாத்ததில்ல, எனக்கு அது தேவையும் இல்ல.

ஸ்கூல்ல இப்ப இந்த வீடியோ கெடையாது. மறுநாளே மிஸ் வந்து, அந்த இடத்துல மழையே கவிதையை வச்சுப் புதுசா ஒரு காப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. என்னை அந்த வாசல் மிதிக்கக் கூடாதுன்னாங்க. மிதிக்கணும்னு நானும் தவம் கெடக்கல. யார் போன்லயும் கெடையாது, ஏன்னா அடுத்தவன் பிள்ளைக்கு ஒருத்தனும் போனைத் தூக்கல. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட பட்டன் போன். அதனால அது இந்த ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. ஆமா, இதுலதான். இந்தா, திரையிலேயே இருக்கு பாருங்க, ‘செண்பகா லெவல்’னு. நீங்க ‘அழி’ன்னு சொன்னா அதோட போச்சு. போட்டுக் காட்டவான்னு கேட்டா வேண்டாங்கறீங்க. கேக்காமலே அழிக்கணும் உங்களுக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், உங்களுக்கு முன்னாடியே உங்க மகள் வந்துட்டுப் போயிருச்சு. போன வாரம், டியூஷன் முடிஞ்சு. சைக்கிளை விட்டு எறங்கல. வாசல்லயே ஒரு காலை ஊனிக்கிட்டு நின்னுச்சு.

‘அண்ணே, அந்த வீடியோவை அழிச்சிருங்கண்ணே.’

‘ஏன், ஒங்கப்பா அடிச்சாரா?’

‘அடிக்கலண்ணே. மோட்டாரைக் கழட்டிக் கடைக்குக் கொண்டு போயிட்டாங்க.’

‘ரிப்பேராக்கும்?’

‘ரிப்பேர் எல்லாம் இல்ல. கடையில சும்மா ஒரு மூலையில கெடக்கு. நான் பாத்தேன்.’

‘அப்ப தண்ணிக்கு?’

‘லாரியில வாங்குதோம்.’ பெல்லுல உள்ள மூடியைத் திருகிக்கிட்டே நின்னுச்சு. ‘வீட்டுல இப்ப ஒரு சத்தமும் இல்லண்ணே. அம்மா டிவி கூடப் போட மாட்டேங்கா. நீங்க அழிச்சிட்டீங்கன்னு நான் போய்ச் சொன்னா அப்பா திரும்ப மாட்டிருவாங்க.’

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. இவ்வளவு கஷ்டப்பட்டு நான் ஒழுங்கு பண்ணி வச்சிருக்கேன், இதுக்கு அதோட அருமை தெரியல. அஞ்சு வரி சொல்லத் தெரியுது, சொன்னதுல நிக்கத் தெரியல. பயந்தாங்கொள்ளி. நீங்க வளர்த்த வளர்ப்பு அப்படி.

‘சரி, அழிச்சிடறேன், போ’ன்னேன்.

‘நான் இருக்கும்போதே அழிங்கண்ணே. பாத்துட்டுப் போறேன்.’

‘கல்யாண வீடியோ ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப கை வச்சா எல்லாம் போயிரும். ராத்திரி அழிச்சிடறேன், நீ போ.’

தலையை ஆட்டிட்டு நம்பிப் போயிருச்சு. அழிச்சாச்சுன்னு வீட்டுல வந்து சொல்லியிருந்தா, என்னை நம்பித்தான் சொல்லியிருக்கும். நான் அழிக்கல.